உளி வாங்கியாச்சு, சாணைக்கல் எங்கே?

மரவேலையைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் சிலர், மாதம் ஒரு ஞாயிறு, சென்னையில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். அந்த மாதம் வாங்கிய கருவிகளைத் துண்டு விரித்துப் பரப்பி வைப்பதுதான் முதல் நிகழ்ச்சி. பன்னிரண்டு உளி அடங்கிய செட், நாலாம் நம்பர் அளவில் ஒரு இழைப்புளி, ஜப்பான் ரம்பம், செங்கோணம் பார்க்கப் பளபளவென்று ஒரு மூலைமட்டம். "சூப்பர் சார், எங்க வாங்கினீங்க, எவ்வளவு ஆச்சு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கருவியை வாங்கியவரே வந்து, "உளி சரியில்ல, வேற பிராண்டு சொல்லுங்க" என்பார்.

நாங்கள் ஆரம்பத்தில் எந்தெந்தக் குழியில் விழுந்தோமோ, புதிதாக வருகிறவர்களும் அதே குழியில் வரிசையாக வந்து விழுகிறார்கள். கண்ணாடி போடுங்கள், உளிக்கு முன்னால் கையை வைக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் பெட்டி அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

பன்னிரண்டு உளி செட்

செட்டாக வாங்கினால் ஒரு உளியின் விலை குறைவாக விழும். உண்மைதான். ஆனால் ஒரு ஸ்டூல், புத்தக அலமாரி, பூஜை மணை செய்ய 6, 12, 25 மி.மீ. என்று மூன்று உளி போதும். கடையில் கால் இஞ்ச், அரை இஞ்ச், ஒரு இஞ்ச் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மீதி ஒன்பதும் பெட்டிக்குள்ளேயே துருப்பிடிக்கும். மூன்று வாங்கியிருந்தால் மிஞ்சியிருக்கும் பணம் அடுத்ததற்கு உதவியிருக்கும்.

சாணைக்குப் பணம் ஒதுக்காதது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான்.

புது உளியைக் கவரிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தட்டையாக இருக்கும் முதுகுப் பக்கத்தில், இயந்திரக்கல் அரைத்த கோடுகள் மெல்லிய வரிவரியாக வாய் வரைக்கும் ஓடியிருக்கும். உளியின் வாய் என்பது சரிவுப் பக்கமும் முதுகுப் பக்கமும் சந்திக்கிற இடம். ஒரு பக்கம் வரிவரியாக இருந்தால் அவை சந்திக்கும் வாயும் பல்பல்லாகத்தான் இருக்கும். அதன்மேல் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த வார்னிஷ் வேறு. தொழிற்சாலை நமக்கு அனுப்புவது உளியின் வடிவத்தை; கூர் வைப்பது வாங்கியவர் வேலை. ஆசாரிகள் யாரும் புது உளியை அப்படியே மரத்தில் வைக்க மாட்டார்கள். கல்லில் போட்ட பிறகுதான் அது பைக்குள் போகும்.

இது தெரியாத ஒரு ஐடி கம்பெனி தம்பி, போன மழைக்காலத்தில் செட் வாங்கிய சூட்டோடு ஒரு வேப்பங்கட்டையில் துளை எடுக்க உட்கார்ந்தார். மரம் வெட்டுப்படாமல் நசுங்கியது. உளி மட்டம் என்று முடிவு செய்து, தெருமுனையில் கிரில் கேட் செய்கிற பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அங்கே பெஞ்ச் கிரைண்டர் இருக்கிறது. இரும்புக் கம்பியின் பிசிறு எடுக்க வைத்திருப்பது. பொறி பறக்க ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் பிடித்துத் தந்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவந்து பெருமையாக விரித்தார். வாயை ஒட்டி, நகக்கண் அகலத்துக்கு, ஊதாவில் தொடங்கி நீலமாக ஒரு பட்டை.

"டைட்டானியம் கோட்டிங் மாதிரி இருக்குல்ல அண்ணே?"

எங்கள் கூட்டத்துக்கு வேலையிலிருந்து ஓய்ந்த ஆசாரி ஒருவர் வருவார். டீக்காகத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வார். உளியை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாய் வெந்துபோச்சு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பிக்குப் புரியவில்லை. அரை இஞ்ச் உளியைத் தேக்குத் துண்டில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தார். வாய் உடையவில்லை, மடங்கியது. எஃகு ஒரு தகரம்போல மடங்குவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது நல்ல அனுபவம் இல்லை.

நடந்தது இதுதான். உளிக்கான எஃகைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும் என்பதால் மறுபடி 200 டிகிரி செல்சியஸை ஒட்டி மிதமாகச் சூடாக்கிப் பதம் வைப்பார்கள். அந்தச் சூட்டைத் தாண்டினால் எஃகு மேலும் இளகும். சூடு ஏறும்போது பளபளப்பான எஃகின்மேல் நிறம் வரும்: 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி நெருங்கும்போது நீலம். நீலம் வந்தால் அந்த இடம் இனி உளி இல்லை, வெறும் ஸ்பிரிங் தகடு. நம் ஊர் பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடுவது, 150 மி.மீ. கல்லின் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் உரசுகிறது. வாய் முனையில் இருப்பது காகிதக் கனத்துக்கு எஃகு. சூட்டை உள்வாங்க அங்கே உலோகமே கிடையாது. ஓரிரு நொடி அசந்தால் போதும்.

இதோடு இரண்டு மூடநம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது, நீலம் வந்ததும் தண்ணீரில் முக்கினால் பதம் திரும்பிவிடும் என்பது. திரும்பாது. 300 டிகிரியில் இருப்பதைக் குளிரவைத்தால் குளிர்ந்த மென்மையான எஃகுதான் கிடைக்கும். கடினமாக வேண்டுமென்றால் மறுபடி சிவக்கக் காய்ச்ச வேண்டும். முக்குவது சூடேறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. இரண்டாவது இன்னும் மோசம்: உப்புத்தாள் போட்டு நீலத்தை அழித்துவிடுவது. நிறம் என்பது மேலே படர்ந்த மெல்லிய ஆக்சைடு படலம். அதை அழித்தால் தடயம்தான் போகும், கோளாறு உள்ளேயே இருக்கும். பழைய உளி வாங்கும்போது இந்த ஏமாற்றும் நடக்கிறது. வாய்ப் பக்கம் மட்டும் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள்.

வெந்த உளிக்கு வைத்தியம், நீலம் பரவிய பகுதி முழுவதையும் மெதுவாக அரைத்து எடுப்பது ஒன்றுதான். புது உளியில் இரண்டு மூன்று மி.மீ. போவதில் பெரிய நஷ்டமில்லை. எங்கள் கூட்டத்தில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சார், தன் தாத்தா வைத்திருந்த உளியையும் இப்படியே கிரைண்டரில் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் காலத்து உளிகள் பலவற்றில் நல்ல எஃகு முனைப்பகுதியில் மட்டும்தான் பற்றவைத்திருக்கும். பிடிப் பக்கமெல்லாம் மென்மையான இரும்பு. வேலை செய்து தேய்ந்து வந்த உளியில் அந்த எஃகே விரலளவுதான் மிஞ்சியிருந்தது. அதில் பாதி நீலம். எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை. சாருக்கு என்னவோ அது பளபளப்பாக வந்ததில் சந்தோஷம்.

இத்தனைக்கும் வீட்டிலேயே கூர் வைக்க ஆகிற செலவு, அந்த செட் விலையில் ஒரு சிறு பங்கு. கண்ணாடிக் கடையில் வெட்டி மீந்த 8 அல்லது 10 மி.மீ. கனக் கண்ணாடித் துண்டு ஒன்று, ஓரம் தேய்த்து வாங்குங்கள். பெயின்ட் கடையில் தண்ணீர் உப்புத்தாள் 220, 400, 1000, 2000 நம்பர்களில்; நம்பர் ஏற ஏறத் தாள் நைசு, அந்த வரிசையிலேயே தேய்க்க வேண்டும். தாளின் அடியில் தண்ணீர் தெளித்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முதலில் முதுகு. உளி முழுவதையும் தேய்க்க வேண்டாம், வாயிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தட்டையானால் போதும். இயந்திரக் கோடுகள் மறைந்து, உங்கள் சட்டைப் பொத்தான் அதில் தெரிகிற வரைக்கும். இது ஒரு உளிக்கு ஒருமுறை செய்கிற வேலை, அலுப்பாக இருக்கும், செய்துவிடுங்கள்.

பிறகு சரிவுப் பக்கம். கைப்பழக்கம் வரும்வரை உளியைக் கவ்விப் பிடிக்கும் சக்கர கைடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இறுக்குகிற சாதாரண கைடில் உளி 40 மி.மீ. முன்னால் நீட்டியிருந்தால் 25 டிகிரி, 30 மி.மீ. நீட்டியிருந்தால் 30 டிகிரி. பல கைடுகளின் உடம்பிலேயே இது பொறித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. சரிவை 25-இல் தேய்த்து, வாய் நுனியை மட்டும் 30-இல் நாலு இழுப்பு. முதுகுப் பக்கம் விரலை வெளிப்புறமாகத் தடவினால் ஒரு பிசிறு தட்டுப்பட வேண்டும். பிசிறு வாய் முழுக்க வரவில்லை என்றால் அந்தத் தாளை விட்டு நகராதீர்கள். புதியவர்கள் அவசரப்பட்டுக் கோட்டை விடுவது இங்கேதான். கடைசியில் பழைய தோல் பெல்ட்டைக் கட்டையில் ஒட்டி, பாலிஷ் கடைகளில் கிடைக்கும் பச்சைக் கட்டியைத் தேய்த்து, அதில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

கை ரோமத்தைச் சிரைத்துக் காட்டுவது வித்தை. சரியான சோதனை, பைன் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் ஒரு சீவல் எடுப்பது. இழைகள் நசுங்கி வெளுக்காமல், மெழுகு வெட்டியதுபோல் முகம் பளபளத்தால் உளி தயார்.

வாய் உடைந்துபோன உளிக்கு கிரைண்டர் தேவைப்படும், மறுக்கவில்லை. அப்போது கையுறை போடாமல், விரலை வாயை ஒட்டியே வைத்துக்கொண்டு, பூப்போலத் தொட்டுத் தொட்டு எடுங்கள். விரல் தாங்கவில்லை என்றால் உடனே தண்ணீர். கிரில் பட்டறைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் மேல் தப்பில்லை, அவர் கேட் செய்கிறவர்.

இழைப்புளியின் அடியை வாரக்கணக்கில் தேய்ப்பது

யாரோ சொன்னார்கள் என்று, நாலாம் நம்பர் இழைப்புளியின் அடித்தகடு முழுவதையும் கண்ணாடியாக்க ராத்திரி பகலாகத் தேய்க்கிறார்கள். முன்முனை, பிளேடு வெளிவரும் வாய்க்கு முன்னால் உள்ள இடம், பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். நடுவில் லேசான பள்ளம் வேலையைக் கெடுக்காது. அந்த நேரத்தை பிளேடுக்கும், அதன் மேல் உட்காரும் தகட்டுக்கும் செலவழியுங்கள். மேல்தகடு பிளேடோடு இடைவெளி இல்லாமல் பொருந்தவில்லை என்றால் மரச்சுருள் இடையில் புகுந்து அடைத்துக்கொள்ளும். கடைசி இழைப்புக்கு அதை பிளேடின் கூர் விளிம்பிலிருந்து அரை மி.மீ.க்கும் குறைவாக வையுங்கள், கோணல் இழை ஓடும் வேம்புகூடப் பிய்யாது.

விலையுயர்ந்த மூலைமட்டத்தை அப்படியே நம்புவது

கடையிலேயே சோதியுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு. மட்டத்தைத் திருப்பிப்போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், தெரிகிற விலகலில் பாதி மட்டத்தின் பிழை. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அளவு டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறதா?

ஆடத்தான் வேண்டும். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டாதீர்கள்.

ஜப்பான் ரம்பத்தைத் தள்ளி அறுப்பது

இழுக்கும்போதுதான் அது அறுக்கும். தள்ளினால் தகடு வளையும். கருவேலம், வேங்கை மாதிரி முரட்டு மரத்தில் திருகினால் பல் ஒடியும். பல் நுனி கறுத்திருக்கும் ரகத்துக்கு அரம் ஏறாது, மாற்றுத் தகடு கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிடிமானம் இல்லாமல் வேலை

ஆசாரி தரையில் உட்கார்ந்து காலால் கட்டையைப் பிடிப்பதைப் பார்த்து நாமும் செய்யக் கூடாது. அது பல வருடப் பழக்கம். அடுத்த உளி வாங்குவதற்கு முன்னால், கட்டையை மேசையோடு இறுக்கும் ஜி கிளாம்ப் இரண்டு வாங்குங்கள்.

சமையல் எண்ணெய்

கடற்காற்று அடிக்கிற ஊரில் எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். ஆனால் சூரியகாந்தி எண்ணெய் நாளடைவில் பிசுக்காக இறுகும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

பழசு என்றாலே தங்கம் என்று நினைப்பது

பழைய இரும்புச் சாமான் விற்கும் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய உளி தேடுவது எனக்கும் பிடிக்கும். துருவைக் கண்டு பயப்படாதீர்கள், ஆனால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முதுகுப் பக்கம், வாயை ஒட்டி, அம்மைத் தழும்பு மாதிரி குழிக்குழியாக அரித்திருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு குழியும் வாயில் ஒரு பல்லாக வந்து நிற்கும், அதைத் தேய்த்து எடுக்க ஆயுசு போதாது. சரிவுப் பக்கம் அரித்திருந்தால் தொந்தரவில்லை, தீட்டத் தீட்டப் போய்விடும். பிடி உடைந்திருந்தால் இன்னும் நல்லது, விலை பேச வசதி.