கனடா ஏஜென்சிக்காரருக்குக் காசு கொடுக்க முன்னம்

வெள்ளவத்தையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஏஜென்சிக்காரருக்குக் காசு கட்டக் காணியை ஈடுவைக்கவென்று உறுதியைப் பிரதி எடுக்க வரும் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது: "தம்பி, எந்தெந்த நாட்டால கூட்டிக்கொண்டு போறாராம்?" அந்தப் பெயர்களை ஏஜென்சிக்காரரின் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பேச்சை அதோடு நிறுத்துங்கள்.

தாளில் கொலம்பியாவும் பனாமாவும் இருந்தால், நடுவில் டேரியன் காடு. ஏறக்குறைய 100 கிலோமீற்றர், வீதியே கிடையாது. ஆறு, சேறு, கொள்ளையர். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அங்கு நடப்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

மெக்சிக்கோ எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி முன் வழக்கில்லாமலே திருப்பி அனுப்பும் விரைவு நாடுகடத்தலை எதிர்த்து அவர் கேட்ட மேல் விசாரணைக்கு 2020இல் அங்கு இடம் கிடைக்கவில்லை.

"அமெரிக்காவால கனடாவுக்குள்ள நடந்து போகலாம்" என்கிறாரா? கனடாவும் அமெரிக்காவும் செய்த பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தப்படி, இரண்டில் முதலில் வந்த நாட்டிலேயே அகதிக் கோரிக்கை வைக்க வேண்டும்; 2023 மார்ச் 25 முதல் அது தரை எல்லை முழுவதற்கும் பொருந்துகிறது. எல்லை கடந்து 14 நாளுக்குள் அகதிக் கோரிக்கை வைத்தால், பெரும்பாலும் அமெரிக்காவுக்கே திருப்பிவிடுவார்கள். கனடாவில் தகுந்த வதிவிட உரிமையுள்ள அண்ணன், மாமி போன்ற நெருங்கிய உறவு இருந்தால் விதிவிலக்கு உண்டு. உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும்.

வேலை விசா என்றால் ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். அதுவரை உறுதி அம்மாவின் அலுமாரியிலேயே இருக்கட்டும்.