பாலைவனத்தில் வண்டி நின்றால் நடக்கக் கிளம்பாதீர்கள்

மதுரையிலிருந்து ஜெய்சல்மேருக்கு பைக்கில் கிளம்பும் தம்பிகளும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து சவுதிக்கு டிரைவர் வேலைக்குப் போகும் அண்ணன்களும், அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டுக்காரர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள்.

வண்டியை விட்டு நடப்பதுதான் உயிரை வாங்கும் தவறு. டயர் மணலில் புதைந்ததும், பெட்ரோல் தீர்ந்ததும் ‘பத்து கிலோமீட்டர்தானே, நடந்துடலாம்’ என்று தோன்றும். 1963 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பேர்ட்ஸ்வில் பாலைவனத் தடத்தில் ஒரு குடும்பமே, ஐந்து பேர், நின்றுபோன காரை விட்டு நடந்து இறந்துபோனது. 1996இல் கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் நான்கு ஜெர்மானியர்கள் காணாமல் போனார்கள். அவர்கள் வண்டி சில மாதங்களில் கிடைத்துவிட்டது, எலும்புகள் கிடைக்க 2009 ஆனது. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் வண்டி தெரியும், ஆள் தெரியமாட்டான். மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடக்கிறீர்கள் என்றால் முதல் மணி நேரத்தில் உங்களைத் தேட வேண்டிய பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் நடந்தால் அது 1,250ஐத் தாண்டிவிடும். அதனால் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வண்டி நிழலிலேயே இருங்கள், வெயிலில் சுட்ட மேல் மணலைத் தள்ளிவிட்டு உட்காருங்கள், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடியுங்கள்.

‘சித்திரை வெயில்ல அழகர் பின்னாடியே நடந்தவன், எனக்கென்ன’ என்கிற நினைப்பும் ஆபத்து. இங்கே வியர்த்தால் சட்டை நனையும், நமக்கே தெரியும். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போனாலும் உடம்புக்கு உறைக்காது. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாட்டிலை மூடி வைக்காதீர்கள், தாகம் எடுத்தால் குடியுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது வியர்வையை. சட்டையைக் கழற்றவும் வேண்டாம். ரேடியேட்டர் கூலன்ட்டை எந்த நிலையிலும் வாயில் வைக்காதீர்கள், விஷம்.

செல்போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2024 ஆகஸ்டில் சவுதியின் ரூப் அல் காலி பாலைவனத்தில் தெலங்கானா இளைஞர் ஒருவரும் கூட வந்தவரும் இறந்தார்கள். ஜிபிஎஸ் சிக்னல் போய், போன் சார்ஜ் இறங்கி, பெட்ரோலும் தீர்ந்துவிட்டது. அதற்காக துபாயிலிருந்து சாட்டிலைட் போன் வாங்கி வந்துவிடாதீர்கள், அனுமதியில்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

ஆள் காணாமல் போன பகுதிக்கு ‘நமக்கு ஒண்ணும் ஆகாது’ என்று போவதும் தவறு. 2003இல் அல்ஜீரியப் பாலைவனத்தில் வழிகாட்டி இல்லாமல் பைக்கிலும் ஜீப்பிலும் போன 32 ஐரோப்பியர்கள் ஒரே நாளில் காணாமல் போகவில்லை, பிப்ரவரி தொடங்கி குழு குழுவாகக் காணாமல் போனார்கள். வழி தவறிவிட்டார்களா என்று தேடிக்கொண்டிருந்தபோது அவர்கள் ஆயுதக் குழு ஒன்றின் பிடியில் இருந்தார்கள். மே மாதம் 17 பேர் மீட்கப்பட்டார்கள், 14 பேர் ஆகஸ்டில்தான் மாலி நாட்டில் விடுதலையானார்கள். ஒரு பெண் வெப்பம் தாங்காமல் இறந்துவிட்டார்.

கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வீட்டு காலண்டரில் குத்திவிட்டுப் போங்கள்: வண்டி எண், நிறம், எந்த வழி, எத்தனை லிட்டர் தண்ணீர், கூட யார், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். செருப்பின் அடிப்பாகத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். தார், கட்ச் பக்கம் காலடித் தடம் பார்த்தே ஆளைத் தேடிப்போகும் பகிகள் இருக்கிறார்கள், அந்தப் படம் அவர்களுக்கு உதவும்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது தப்பு, அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. ஆள் ராஜஸ்தானில் இருந்தாலும் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். வளைகுடா என்றால் இந்தியத் தூதரகம், வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளம் இரண்டிலும் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ‘அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன்’ என்று வருவதையெல்லாம் பரப்பினால் தேடுகிறவர்கள் திசைமாறிப் போவார்கள். இன்னொன்று, டிரைவர் வேலை என்று போனவர் ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்தார், முதலாளியோடு சண்டை போட்டுக் கிளம்பிவிட்டார் என்பதையெல்லாம் மானம் போய்விடும் என்று மறைக்காதீர்கள். எந்தப் பண்ணை, எந்தப் பக்கம் நடந்தார், கடைசியாக எப்போது பேசினார் என்று தெரிந்ததை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.