சம் 41-இன் கடைசி ஆல்பம்: கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் ஏஜாக்ஸ் என்ற ஊரில் தொடங்கிய பாப்-பங்க் (இனிய மெட்டும் பங்க் ராக்கின் வேகமும் கலந்த இசை) குழு சம் 41. 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த ‘ஹெவன் – ஹெல்’ அவர்களுடைய எட்டாவது ஸ்டுடியோ ஆல்பம், கடைசியும் அதுதான். இரண்டு பாகம், பாகத்துக்குப் பத்துப் பாட்டு.

இதை ஷஃபிளில், அதாவது பாட்டு வரிசையைக் கலைத்து, போடாதீர்கள். ‘ஹெவன்’ துள்ளலான பாப்-பங்க், ‘ஹெல்’ கனமான மெட்டல் ராக். ‘ஹெல்’ ஒரு சின்ன முன்னிசையில் பதுங்கி ‘ரைஸ் அப்’ பாட்டில் பாய்கிறது. அந்த இரண்டையும் பிரித்தால் பாய்ச்சலே தெரியாது.

“கடைசியில் மெட்டல் பக்கம் போய்விட்டார்களே” என்பவர்கள் 2001-இல் வந்த முதல் ஆல்பத்தோடு நின்றுவிட்டவர்கள். 2002 ஆல்பத்திலேயே கிட்டார் கனக்கத் தொடங்கிவிட்டது. 2004-இல் வந்த ‘சக்’ இன்னும் இருண்டது. காங்கோவில் ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில் சண்டை மூண்டு, ஹோட்டலில் சிக்கிக்கொண்டார்கள். அங்கிருந்து வெளியேற உதவிய ஐ.நா. தன்னார்வலர் சக் பெலெட்டியரின் பெயர்தான் அந்த ஆல்பத்துக்கு. மெட்டல் பைத்தியமான கிட்டாரிஸ்ட் டேவ் பாக்‌ஷ் 2006-இல் விலகி 2015-இல் திரும்பினார். ‘ஹெல்’ கேட்கும்போது அவருடைய கிட்டாரைத் தனியாகக் கவனியுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வரியிலும் பிரியாவிடையைத் தேடுவது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பெருந்தொற்றுக் காலத்தில் பாப்-பங்க் மறுபடி சூடுபிடித்தபோது, மற்ற கலைஞர்களுக்காகப் பாட்டு எழுதித் தரும்படி பாடகர் டெரிக் விப்லியிடம் கேட்டார்கள். எழுதியவை மிகவும் பிடித்துப்போனதால், கொடுக்க மனமில்லாமல் குழுவுக்கே வைத்துக்கொண்டார். இதோடு முடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பாட்டுகளைக் கேட்ட பிறகுதான் வந்ததாகச் சொன்னார். ஆகவே இவை கண்ணீரில் பிறந்த பாட்டுகள் அல்ல, உற்சாகத்தில் பிறந்தவை. அப்படிக் கேட்டால் ‘வெயிட்டிங் ஆன் எ ட்விஸ்ட் ஆஃப் ஃபேட்’ எவ்வளவு இளமையாக ஒலிக்கிறது!

பழைய நினைவுகளுக்காக மட்டும் கேட்கிற ஆல்பமும் இல்லை. இதிலுள்ள ‘லேண்ட்மைன்ஸ்’ பாட்டு, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஆல்டர்நேட்டிவ் (மாற்று ராக்) வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்கு முன் அங்கே அவர்கள் முதலிடம் பிடித்தது 2001-இல், ‘ஃபேட் லிப்’ பாட்டுக்கு. இடையில் 22 ஆண்டுகள்.

கடைசிக் கச்சேரி 2025 ஜனவரி 30 அன்று டொராண்டோவில் நடந்தது. அதன் பதிவுகளைப் பார்க்கும் முன் ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். ‘ஹவ் தி எண்ட் பிகின்ஸ்’ கடைசிப் பாட்டாகவே உங்கள் காதுக்கு வரட்டும்.