காண்ட்ராக்ட் என்று எழுதிவிட்டால் பி.எஃப். கிடையாதா? முதலாளிகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இருபது முப்பது பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்களிடம் ஒரு யோசனை பல வருடமாகச் சுற்றி வருகிறது. ஆளைச் சம்பளப் பட்டியலில் சேர்க்காதே, காண்ட்ராக்ட் என்று எழுதி வாங்கிக்கொள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) தொல்லை இருக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கும், பி.எஃப். ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வரும்வரை.

முதல் தவறு முத்திரைத்தாளை நம்புவது. "நான் சுயமாகத் தொழில் செய்பவர், இந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல" என்று கையெழுத்து வாங்கி பீரோவில் பூட்டி வைப்பார்கள். விசாரிக்க வரும் அதிகாரி அதையும் படிப்பார், அப்புறம் மற்ற காகிதங்களைக் கேட்பார். ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வோம். நர்ஸுக்குத் தொழில்முறைக் கட்டணம் என்று காட்டி, 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டிய வருமான வரி) பிடித்துப் பணம் போகிறது. அதே நர்ஸ் காலை ஏழரைக்கு மெஷினில் விரல் வைத்துவிட்டு உள்ளே வருகிறார். ஆஸ்பத்திரி கொடுத்த சீருடை போடுகிறார். நைட் டூட்டி மாற்ற வேண்டுமென்றால் நர்சிங் சூப்பிரண்டுக்கு எழுதிக் கொடுக்கிறார். சொல்லாமல் லீவு போட்டால் அன்றைய காசு போகும். சுயதொழில் செய்பவர் யாரிடம் போய் லீவு கேட்பார்? டி.டி.எஸ். கட்டிய ரசீதைப் பெரிய ஆதாரமாக நீட்டுகிறவர்கள், ஷிப்ட் சார்ட் தங்கள் கம்ப்யூட்டரிலேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது பீஸ் ரேட். நம் ஊர் அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், உடைத்த, தோல் உரித்த பருப்பை நிறுத்துப் பார்த்துக் கூலி போடுவது வழக்கம். எடைக்குத் தகுந்த கூலி என்பதாலேயே அந்தப் பெண்கள் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. அண்டி முதலாளியுடையது, கட்டடம் அவருடையது, உடைந்த பருப்பைத் தள்ளிவைப்பதும் அவருடைய சூப்பர்வைசர்தான். குஜராத் உப்பளத்தில் விளைந்த உப்பின் அளவுக்குக் கூலி வாங்கியவர்களைத் தொழிலாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1956இலேயே சொல்லிவிட்டது. 2019இல் கோதாவரி கார்மென்ட்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. வெட்டிய துணியையும் நூலையும் பட்டனையும் வாங்கிப்போய், சொந்த மெஷினில், வீட்டில் இருந்தே தைத்த பெண்களுக்கும் பி.எஃப். உண்டு என்றது. இங்கே துணிக்கடைக்காக வீட்டில் தைக்கக் கொடுப்பவர்கள் இதை ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

மேஸ்திரி பெயரில் ஆளைக் காட்டுவதும் பலிக்காது. கோழிக்கோட்டில் ஒரு கயிறு ஆலையில் இப்படி இடையில் ஒப்பந்தக்காரர்களை நிறுத்திப் பார்த்தார்கள். திரையை விலக்கி, யாருடைய தொழிலுக்காக உழைக்கிறார்கள் என்று பார் என 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். பி.எஃப். கணக்கில் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களும் உங்கள் தலையெண்ணிக்கையில் சேருவார்கள். கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று பிரித்து இரண்டிலும் பி.எஃப். வரம்பான 20 பேருக்குக் கீழே 19 பேர் காட்டுவதும் இப்படித்தான். ஒரே வளாகம், ஒரே கரண்ட் பில், ஒரே கணக்குப்பிள்ளை என்றால் இரண்டையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

புதிதாக ஒரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கான எண்ணிக்கை 20இலிருந்து 50 ஆனது. சிலர் அதை பி.எஃப்.புக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். பி.எஃப்.புக்கு 20, இ.எஸ்.ஐ.க்கு 10 என்பதில் மாற்றம் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்ட இரண்டே பேரை வைத்திருப்பவருக்கு பி.எஃப். வராதுதான். அதற்காக அந்த ஆட்கள் காண்ட்ராக்டர் ஆகிவிட மாட்டார்கள்; குறைந்தபட்சக் கூலியும், வேலையில் அடிபட்டால் இழப்பீடும் அவர்களுக்கு உண்டு.

இப்போது பணத்துக்கு வருவோம். 25 பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய், மூன்று வருடம் கட்டவில்லை. இரு தரப்புப் பங்கும் 12 சதவீதம் வீதம் மாதம் 60,000. மொத்தம் 21 லட்சத்து 60 ஆயிரம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஏறத்தாழ 4 லட்சம். அபராதம் தனி, 2024 ஜூன் முதல் அது மாதத்துக்கு 1 சதவீதம், ஆக கிட்டத்தட்ட இன்னொரு 4 லட்சம். இதில் தொழிலாளியின் பங்கைப் பழைய மாதங்களுக்காக இப்போது அவர் கூலியில் பிடிக்க முடியாது. ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்த 21 லட்சத்து 60 ஆயிரத்தில் பாதிதான் முதலாளியின் கையை விட்டுப் போயிருக்கும். "மிச்சம் பிடிக்கலாம்" என்று சொன்ன ஆலோசகர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்.

இவ்வளவுக்கும் அரசு ஒரு வாய்ப்பும் கொடுத்தது. 2017 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை விடுபட்டவர்களை 2026 ஏப்ரல் வரை தாமாக முன்வந்து சேர்க்கலாம் என்றது. பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கு தள்ளுபடி, அபராதம் வெறும் 100 ரூபாய் என்று அறிவித்தது.

நோட்டீஸ் வந்த பிறகு செய்யும் தவறுகள்தான் ரொம்ப மோசம். சிலர் விசாரணைக்கே போவதில்லை. இருக்கிற காகிதத்தை வைத்து ஆர்டர் போட்டுவிடுவார்கள், அப்புறம் வங்கிக் கணக்கு முடங்கும். சிலர் உட்கார்ந்து புது ரிஜிஸ்டர் எழுதுகிறார்கள். மூன்று வருட வருகைப் பதிவு ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். பணியாளர்களைக் கூப்பிட்டு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும் வேண்டாம். அவர்களையே சாட்சியாகக் கூப்பிட்டு விசாரிக்க அந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

அவகாசம் வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள். பட்டியலில் உண்மையிலேயே வெளியாட்கள் சிலர் இருக்கலாம்: ஏ.சி. ரிப்பேர் பார்ப்பவர், வருடக் கணக்கு முடிக்கும் ஆடிட்டர், நாலு கடைக்கு போர்டு எழுதும் பெயின்டர். அவர்கள் கொடுத்த பில், அவர்களுடைய மற்ற வாடிக்கையாளர் விவரம், இருந்தால் ஜி.எஸ்.டி. எண், எல்லாவற்றையும் பெயர்வாரியாக அடுக்கி முதல் விசாரணையிலேயே கொடுத்துவிட்டால் அந்தப் பெயர்களை நீக்கக் கேட்கலாம். எல்லாரையும் காண்ட்ராக்ட் என்று ஒரே வரியில் மறுத்தால் இவர்களும் சேர்ந்தே கணக்கில் ஏறிவிடுவார்கள்.