ஒரே ஃபிலிமா, வேறு வேறா? பெயர் மாறி வரும் 4×5 கறுப்பு-வெள்ளை ஃபிலிம்களை ஒப்பிடும் முறை

லார்ஜ் ஃபார்மட் கேமரா வாங்கிய ஒரு மாதத்துக்குள் யாரும் கேட்டுவிடும் கேள்வி இது: "அரிஸ்டா இடியூ அல்ட்ராவும் ஃபோமாபானும் ஒண்ணுதானாமே, எது மலிவோ அதை வாங்கிடலாமா?" வாங்கலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் யாரோ சொன்னதை நம்பி வாங்குவதைவிட, ஆறு ஷீட்டும் (4×5 அங்குலத் தனித்தனி ஃபிலிம் தாள்) ஒரு மாலைப்பொழுதும் செலவழித்து நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். ஒருமுறை செய்து பழகிவிட்டால், நாளை எந்தப் புதுப் பெயரில் எந்தப் பெட்டி வந்தாலும் இதே முறை கைகொடுக்கும்.

ஒரே ஃபிலிம் ஏன் பல பெயரில் வருகிறது? ஃபிலிமின்மேல் எமல்ஷன் எனும் ஒளியை உணரும் பூச்சைப் பூசும் ஆலைகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கின்றன. தூசி இல்லாத காற்று, சீரான குளிர், முழு இருட்டு எல்லாம் வேண்டும். நம் ஊட்டியில் 1960-இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்; அந்த மலைக்காற்றும் குளிரும் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு வேண்டியவை என்பது புரியும். அப்படி ஓர் ஆலையைச் சொந்தமாக நடத்த முடியாத கடைகள், பூசி வெட்டிய ஃபிலிமை வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. அரிஸ்டா என்பது லாஸ் ஏஞ்சலிஸில் 1946 முதல் இருக்கும் ஃப்ரீஸ்டைல் என்ற கடை தன் பெட்டிகளுக்கு வைத்திருக்கும் பெயர். அல்ட்ரா பெட்டிக்குள் இருப்பது செக் குடியரசின் ஹ்ரடெட்ஸ் கிராலோவே நகரத்து ஃபோமா ஆலையின் ஃபிலிம்; அந்த ஆலை தன் சொந்தப் பெட்டியில் விற்பதுதான் ஃபோமாபான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "அல்ட்ரா" என்ற சொல் இல்லாமல், வெறும் அரிஸ்டா இடியூ என்று முன்பு வந்தது ஹங்கேரியின் ஃபோர்ட்டே ஆலையில் செய்தது. அந்த ஆலை 2007-இல் மூடப்பட்டது. பெயர் ஏறக்குறைய அதே. உள்ளே இருக்கும் சரக்கு வேறு. பழைய குறிப்பேட்டில் "அரிஸ்டா, இத்தனை நிமிடம்" என்று யாரோ எழுதி வைத்ததை இன்றைய பெட்டிக்குப் பயன்படுத்தினால் நெகட்டிவ் கெடும். ஒப்பிட்டுப் பார் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

இனி செய்முறை. எடுத்துக்காட்டாக ஃபோமாபான் 100, அரிஸ்டா இடியூ அல்ட்ரா 100 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன் (100 என்பது ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்). தேவையானவை: மூன்று 4×5 ஹோல்டர்கள் (பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷீட் வைத்துக் கேமராவில் செருகும் சட்டம்), ஆறு ஷீட்டை ஒரே நேரத்தில் டெவலப் செய்யும் டாங்க், ஒரு தெர்மாமீட்டர், 8×10 பேப்பர் கொஞ்சம்.

முதல் படி: பெட்டியைப் படியுங்கள்

எந்த நாட்டில் செய்தது, காலாவதி எப்போது, எமல்ஷன் எண் என்ன என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டியின் காலாவதித் தேதிகளும் அருகருகே இருக்கட்டும். மூன்று வருடம் பழைய பெட்டியைப் புதிய பெட்டியோடு ஒப்பிட்டால் வயதைத்தான் ஒப்பிடுகிறோம், ஃபிலிமை அல்ல.

இரண்டாம் படி: விரலால் பாருங்கள்

ஷீட் ஃபிலிமின் ஒரு மூலையில், விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கும். ஷீட்டை நெடுக்காகப் பிடித்து, அந்த வெட்டு மேல் விளிம்பில் வலது மூலையில் வரும்படி வைத்தால் எமல்ஷன் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். இருட்டில் ஹோல்டரில் போடும்போது இதுதான் வழிகாட்டி. ஒப்பிடுவதற்கும் இது உதவும்: இருட்டிலேயே இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு ஷீட்டை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கட்டைவிரல் நகத்தால் விளிம்பைத் தடவுங்கள். பள்ளத்தின் வடிவமும் இடைவெளியும் ஒன்றுபோலவே இருந்தால் நகம் ஒரே பள்ளத்தில் விழுவது போலத் தெரியும். இது நல்ல துப்பு, ஆனால் முடிவு அல்ல.

வெளிச்சத்தில் கெட்டுப்போன ஷீட் ஒவ்வொன்று கையில் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டிலும் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, இரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் ஊற வையுங்கள். ஃபிலிமுக்குள் ஒளி சிதறாமல் தடுக்கும் சாயம் கரைந்து தண்ணீரில் இறங்கும். இரண்டு கிண்ணத்திலும் ஒரே நிறமா என்று ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். நிறம் வேறுபட்டால், அந்தச் சாய அடுக்காவது வேறு என்று பொருள்.

மூன்றாம் படி: ஹோல்டரில் போடுவது

ஒவ்வொரு ஹோல்டரிலும் ஒரு பக்கம் ஃபோமா, மறு பக்கம் அரிஸ்டா. இருட்டில் அரிஸ்டா ஷீட்டுகளின் ஒரு மூலையை, வெட்டுகள் இல்லாத மூலையாகப் பார்த்து, கத்தரிக்கோலால் மிகச் சிறிதாக நறுக்கிவிடுங்கள். டெவலப் ஆன பிறகு எது எது என்று தெரிய வேறு வழி இல்லை.

நான்காம் படி: படம் எடுப்பது

எதைப் படம் எடுப்பது என்று அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு கிரே கார்டு (வெளிச்சம் அளக்க உதவும் சாம்பல் நிற அட்டை), நெய்த இழை தெரியும் கறுப்புத் துணி, ஒரு வெள்ளைத் துண்டு. இவற்றோடு சிவப்பு, பச்சை, நீல நிறப் பொருள் ஒவ்வொன்று: தக்காளி, வெற்றிலை, நீல பிளாஸ்டிக் குவளை போதும். நிறப் பொருள்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கிரே கார்டில் ஒத்துப்போகும் இரண்டு ஃபிலிம்கள் தக்காளியில் பிரிந்துவிடலாம். சிவப்பு ஒளிக்கு ஒன்று கூர்மையாகவும் மற்றது மந்தமாகவும் இருந்தால் அங்கேதான் வெளிப்படும்.

மேகம் கடக்கும் வானத்தின் கீழ் எடுக்காதீர்கள். வீட்டுக்குள் நிலையான விளக்கு போதும். முதல் ஹோல்டரில் ஃபோமாவை முதலில், அரிஸ்டாவை அடுத்து. இரண்டாம் ஹோல்டரில் அரிஸ்டா முதலில். நான்குக்கும் ஒரே அபர்ச்சர், ஒரே ஷட்டர் வேகம். 1/8 நொடி போலக் கொஞ்சம் மெதுவான வேகம் நல்லது. இப்போது இரண்டு ஃபோமா, இரண்டு அரிஸ்டா கைவசம் உள்ளன. இந்த இரட்டை ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தச் சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது ஹோல்டர் நீண்ட எக்ஸ்போஷருக்கு. நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஃபிலிமின் வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பது ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். ஃபோமா தரும் அட்டவணைப்படி, ஃபோமாபான் 100-க்கு ஒளி அளக்கும் மீட்டர் 1 நொடி காட்டினால் 2 மடங்கும், 10 நொடி காட்டினால் 8 மடங்கும் கொடுக்க வேண்டும். அதாவது 80 நொடி. இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ் என்ற ஃபிலிமுக்கு அதே 10 நொடி சுமார் 18 நொடி ஆகும், அவ்வளவுதான். எத்தனை பெரிய வித்தியாசம் பாருங்கள். விளக்கைத் தள்ளி வைத்து, அபர்ச்சரைச் சுருக்கி, மீட்டர் 10 நொடி காட்டும்படி செய்யுங்கள். இரண்டு ஷீட்டுக்கும் 80 நொடி கொடுங்கள். உள்ளே இருப்பது ஃபோமா இல்லையென்றால் அந்த நெகட்டிவ் ஃபோமா நெகட்டிவைவிட நன்றாகக் கறுத்து நிற்க வாய்ப்பு அதிகம். கைரேகை மாதிரி ஓர் அடையாளம் இது.

ஐந்தாம் படி: ஒரே டாங்க்

ஆறு ஷீட்டையும் ஒரே டாங்கில், ஒரே டெவலப்பரில், ஒரே நேரத்தில் போடுங்கள். நான் ரோடினால் என்ற டெவலப்பரை 1+50 கலக்கிறேன்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி., 20 டிகிரி, சுமார் 9 நிமிடம். பெட்டிகளில் அச்சிட்ட நேரங்கள் வேறு வேறாக இருந்தால் பொருட்படுத்தாதீர்கள். இரண்டுக்கும் ஒரே நேரம்.

முதன்முதலில் இதைச் செய்தபோது ஃபோமாவை ஒரு நாளும் அரிஸ்டாவை மறுநாளும் டெவலப் செய்தேன். அரிஸ்டா கறுப்பாக வந்தது. வேறு ஃபிலிம்தான் என்று முடிவுகட்டி நண்பர் ஒருவருக்கும் சொல்லிவிட்டேன்; அவர் என் பேச்சை நம்பி இருந்த பெட்டியைக் கைமாற்றிவிட்டார். இரண்டாம் நாள் டெவலப்பர் 24 டிகிரியில் இருந்திருக்கிறது என்பது குறிப்பைத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

ஈரமாக இருக்கும்போது ஃபோமாவின் எமல்ஷன் மிருதுவானது, எளிதில் கீறும். ஷீட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். விரலால் வழிக்காதீர்கள், தொங்கவிட்டுக் காயவையுங்கள்.

ஆறாம் படி: பார்ப்பது

டென்சிட்டி அளக்கும் கருவி வேண்டியதில்லை. நான்கு 4×5 நெகட்டிவ் ஒரு 8×10 பேப்பரில் அச்சாகப் பொருந்தும். மேல் வரிசையில் ஃபோமா, அரிஸ்டா. கீழ் வரிசையில் அரிஸ்டா, ஃபோமா. இப்படிக் குறுக்காக வைத்தால், என்லார்ஜர் வெளிச்சம் ஒரு பக்கம் குறைந்திருந்தாலும் ஏமாற மாட்டீர்கள். மேலே கண்ணாடி வைத்து, ஒரே எக்ஸ்போஷரில் கான்டாக்ட் பிரிண்ட் (நெகட்டிவைப் பேப்பரோடு ஒட்டவைத்து அதே அளவில் எடுக்கும் அச்சு) போடுங்கள். படம் இல்லாத ஓரம் முழுக் கறுப்பாக மாறும் மிகக் குறைந்த நேரம் எதுவோ அதுதான் சரியான நேரம்.

காய்ந்த பிரிண்டை ஜன்னலோரம் கொண்டுபோங்கள். முதலில் இரண்டு ஃபோமாவை மட்டும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். அவை ஒரே பெட்டி, ஒரே எமல்ஷன். ஆனாலும் சின்ன வேறுபாடு இருக்கலாம். ஷட்டரின் தடுமாற்றம், டாங்கில் நீர் ஓடிய விதம் எல்லாம் சேர்ந்தது அது. அதுவே உங்கள் கையின் அளவுகோல். அடுத்துதான் ஃபோமாவையும் அரிஸ்டாவையும் பார்க்க வேண்டும். வேறுபாடு அந்த அளவுகோலைத் தாண்டாவிட்டால், வேறுபாடு உண்டு என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் இல்லை.

கறுப்புத் துணியின் இழை எந்த ஆழம் வரை தெரிகிறது, வெள்ளைத் துண்டின் மடிப்பு எங்கே மறைகிறது, தக்காளியும் வெற்றிலையும் எந்தச் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன: இந்த மூன்றையும் பாருங்கள். நீண்ட எக்ஸ்போஷர் இரண்டையும் தனியே அதேபோல் அச்சிடுங்கள். ஸ்கேனரில் பார்ப்பவர்கள் ஒரே ஸ்கேனில் எல்லாவற்றையும் வைத்து, தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு படத்தையும் தானே சமப்படுத்தி நாம் தேடும் வேறுபாட்டையே அழித்துவிடும்.

என் மேஜையில் இந்த இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போயின. அதனால் அரிஸ்டா பெட்டிக்கு ஃபோமாவின் அட்டவணைகளைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: நிழலில் விவரம் வேண்டுமென்றால் இரண்டையுமே 100-இல் அல்லாமல் 50-இல் மீட்டர் செய்வது எனக்குச் சரியாக வருகிறது.

பெட்டி தீர்ந்துபோகும் முன் இரண்டு ஷீட்டை அதன் கறுப்பு உறையிலேயே விட்டு, மூடியில் எமல்ஷன் எண்ணை எழுதி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுத்த பெட்டி வேறு எண்ணோடு வரும்போது அதோடு ஒரே டாங்கில் போட அவை வேண்டும்.