பழைய 5.1 ஆம்ப் வாங்கப் போனால் முதலில் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய ஏவி ரிசீவர், அதாவது டிவி சத்தத்தை வாங்கி எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஆம்ப், என் வீட்டில் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் விற்றார், அவர் வீட்டில் அருமையாகத்தான் பாடியது, நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். டப். அவ்வளவுதான். அவர் வீட்டு மேஜைக்கு அடியில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்ததை நான் கவனிக்கவில்லை, அவரும் சொல்ல மறந்துவிட்டார். ஆனால் பெட்டியின் பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. நான்தான் முன்பக்கத்தை மட்டும் பார்த்து மயங்கியிருந்தேன்.

அதனால் இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் பின்பக்கத்தைப் பற்றித்தான் இருக்கும்.

படி 1: எதை வாங்கப் போகிறோம் என்று தெளிவாகுங்கள்

விளம்பரங்களில் '5.1 ஆம்ப்' (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்கள் விற்கிறார்கள். ஒன்று, சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் இடங்களில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிக் கோத்த அசெம்பிள்டு ஆம்ப். இதில் பலவற்றில் படத்தின் 5.1 சத்தத்தைப் பிரித்தெடுக்கும் டால்பி டிகோடரே இருக்காது, ஸ்டீரியோ சத்தத்தையே ஆறாகப் பிரித்து அனுப்பும், மேலே ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட்ஸ் (ஊதிப் பெருக்கிய உச்ச கணக்கு) என்று ஸ்டிக்கர் மட்டும் இருக்கும். பாட்டு கேட்க மோசமில்லை, படத்துக்கு வேண்டாம். இரண்டாவது, டிவிடி பிளேயரோடு சேர்ந்து வந்த ஹோம் தியேட்டர் செட். இதன் ஸ்பீக்கர் பிளக்குகள் அந்தக் கம்பெனிக்கே உரியவை, ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 3 அல்லது 4 ஓம் (மின்தடை அளவு), ஒன்று போனால் வேறு எதையும் மாட்ட முடியாது. மூன்றாவதுதான் தனி ஏவி ரிசீவர். டிகோடர், ஆம்ப், இன்புட் மாற்றும் வேலை எல்லாம் ஒரே பெட்டியில், யாருடைய ஸ்பீக்கரையும் மாட்டலாம். நமக்கு வேண்டியது இது.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். 5.1 ரிசீவரில் ஐந்து ஸ்பீக்கருக்குத்தான் ஆம்ப் இருக்கும். அந்த '.1' சப்வூஃபருக்கு ஒரு சின்ன ஆர்சிஏ சாக்கெட் மட்டும்தான், அதிலிருந்து சிக்னல்தான் வரும், பவர் வராது. கரண்டில் ஓடும் ஆக்டிவ் சப்வூஃபர் வேண்டும். பழைய ஹோம் தியேட்டர் செட்டில் இருந்த சப்பை இதில் மாட்டலாம் என்று நினைத்திருந்தால் பட்ஜெட்டை இப்போதே மாற்றுங்கள்.

படி 2: உங்கள் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ரிசீவரைத் தேடும் முன் டிவியைத் திருப்புங்கள். ஒரு ஹெச்டிஎம்ஐ சாக்கெட்டில் ஏஆர்சி (ஆடியோ ரிட்டர்ன் சேனல்) என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் உங்களுக்குப் பெரிய செலவு மிச்சம்.

எப்படி என்றால், பழைய ரிசீவர்கள் மலிவாக வருவதற்கு முக்கியக் காரணமே அவை இன்றைய 4கே படத்தைச் சரியாகக் கடத்தாது என்பதுதான். ஆனால் படம் ரிசீவர் வழியாகப் போக வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஸ்ட்ரீமிங் ஸ்டிக், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் நேராக டிவியில் மாட்டிவிடுங்கள். படம் டிவியோடு நின்றுவிடும், சத்தம் மட்டும் ஏஆர்சி வழியாக ரிசீவருக்குத் திரும்பி வரும். ஏஆர்சி 2009இல் ஹெச்டிஎம்ஐ 1.4ஓடு வந்தது. ஆகவே 2011 முதல் 2014 வரைக்குமான ரிசீவர்களைக் குறிவையுங்கள், டெனான் ஏவிஆர்-1912, யமஹா ஆர்எக்ஸ்-வி473 வகையறா. 4கே வந்ததும் வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று தள்ளிவிட்டவை இவை. தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி அட்மாஸ் வீட்டு ரிசீவர்களில் வந்தது 2014இல்தான், அது வேண்டுமென்றால் விலை ஒரேயடியாக ஏறும், கூரையில் ஸ்பீக்கர் மாட்டப் போவதில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

டிவியில் ஏஆர்சி இல்லையென்றால் பெரும்பாலும் ஆப்டிகல் (ஒளி வழியாகச் சத்தத்தை அனுப்பும்) சாக்கெட் இருக்கும். அதில் சாதாரண டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரும், அதற்கு மேல் வராது. ஸ்ட்ரீமிங் ஆப்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸை டிவி மாற்றிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் வெறும் ஸ்டீரியோதான் கிடைக்கும்.

படி 3: இப்போது ரிசீவரின் பின்பக்கம்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது முன்பக்கப் படம் இல்லை, பின்பக்கப் படம், எழுத்து தெரியும்படி. அதில் நான் பார்ப்பது இவை.

வோல்டேஜ். 230 அல்லது 220–240 என்று இருக்க வேண்டும். 120 என்றால் அமெரிக்கா, 100 என்றால் ஜப்பான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அதற்கும் செலவு, அது தனியாக ஒரு பக்கம் உறுமிக்கொண்டு இருக்கும், என்றாவது ஒருநாள் வீட்டில் யாராவது பிளக்கை நேராகச் சொருகிவிடுவார்கள். என்னைப் போல.

ஹெச்டிஎம்ஐ அவுட் பக்கத்தில் ஏஆர்சி என்ற எழுத்து. ஹெச்டிஎம்ஐ இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். ஆரம்பகால மாடல்கள் சிலவற்றில் ஹெச்டிஎம்ஐ வெறும் சுவிட்ச்தான், படத்தைக் கடத்தும், சத்தத்தை எடுத்துக்கொள்ளாது. மாடல் எண்ணைப் போட்டு மேனுவலை இறக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள், அப்படியே அந்த மாடல் எண்ணோடு 'ஹெச்டிஎம்ஐ போர்டு' என்றும் தேடிப் பாருங்கள். எந்த மாடலில் அது அடிக்கடி போகிறது என்று தெரிந்துவிடும்.

வாட்ஸைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், நான் அதிகம் கவலைப்படுவதில்லை. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடின மாதிரி தெரியும், அவ்வளவே. விளம்பரத்தில் போடும் வாட் ஒரே ஒரு சேனலை ஓட்டி, ஒரே ஒரு அலைவரிசையில், 10 சதவீத டிஸ்டார்ஷன் வரை விட்டு அளந்ததாகவும் இருக்கலாம். அதைவிட நல்ல சோதனை, தூக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும்தான் எடை. சாதாரண 5.1 ரிசீவர் 7, 8 கிலோவாவது இருக்கும். ஒற்றைக் கையில் சுலபமாகத் தூக்க வந்தால் யோசியுங்கள்.

படி 4: நேரில் போய்ச் சோதனை

கையில் எடுத்துப் போக வேண்டியவை: கெட்டாலும் கவலையில்லாத ஒரு சின்ன ஸ்பீக்கர், அதில் மாட்டிய ஒயர், ஃபோனிலிருந்து ஆர்சிஏவுக்குப் போகும் கேபிள், ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள், டார்ச், மல்டிமீட்டர்.

போனதும் பவரைப் போட்டுக் காதைக் கொடுங்கள். சில நொடிகளில் உள்ளே ரிலே (ஸ்பீக்கரை ஆம்ப்போடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) 'டிக்' என்று விழ வேண்டும். விழாமல் லைட் சிமிட்டினாலோ தானே அணைந்தாலோ அது புரொடெக்‌ஷனுக்குப் போகிறது, அதாவது உள்ளே ஏதோ கோளாறைக் கண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம். "கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா சரியாயிடும் சார்" என்பார்கள். கும்பிட்டு வந்துவிடுங்கள்.

ரிலே விழுந்தால், ஸ்பீக்கரை மாட்டாமல், சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் போட்டு ஒவ்வொரு ஸ்பீக்கர் டெர்மினலிலும் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன், அந்த டிசி நேராக ஸ்பீக்கர் காயிலில்தான் போய் உட்காரும்.

அப்புறம் ஒவ்வொரு சேனலாகப் பாட வையுங்கள். விற்பவர்கள் முன்னால் இருக்கும் இரண்டை மட்டும் பாடவிட்டு "நல்லா பாடுது பாருங்க" என்பார்கள், சென்டரும் பின்னால் இருப்பவையும் செத்துக் கிடக்கும். மெனுவில் எல்லா ஸ்பீக்கரும் இருப்பதாக முதலில் செட் செய்யுங்கள், இல்லையென்றால் நல்ல சேனலும் ஊமையாகத்தான் இருக்கும். பிறகு எல்லாச் சேனலிலும் ஸ்டீரியோ வரும் மோடைப் போட்டு, உங்கள் சின்ன ஸ்பீக்கரை ஒரு டெர்மினலிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் பவரை அணைத்துவிட்டு மாற்றுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஓடும்போது ஒயர் நுனி இரண்டும் உரசினால் ஆம்ப் போய்விடும், பழியும் உங்கள் மேல். வால்யூமைத் திருகும்போது எண் தாறுமாறாகக் குதிக்கிறதா, பாட்டை நிறுத்தியபின் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் மிச்சமிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கடைசியாக ஹெச்டிஎம்ஐ. எல்லா சாக்கெட்டையும் பாருங்கள், ஏஆர்சியையும் பாருங்கள். ஏஆர்சி வேலை செய்யவில்லை என்றால் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டாம், ரிசீவர் மெனுவில் ஹெச்டிஎம்ஐ கன்ட்ரோல் ஆஃப்பில் இருந்தால் ஏஆர்சி வராது.

இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகும். அதுவும் நல்லதுதான். சூடானபின் வரும் கோளாறு அதற்குள் வெளியே தெரிந்துவிடும். மேல்மூடி வெதுவெதுப்பாக இருப்பது சகஜம், கை வைக்க முடியாமல் சுட்டாலோ கருகிய வாசம் வந்தாலோ வேண்டாம். அந்த நேரத்தில் டார்ச்சை மேல்மூடியின் துளைகள் வழியாக அடித்துப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு வந்து கரப்பான்பூச்சி குடும்பமே நடத்தியிருக்கும். கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் டெர்மினல்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

படி 5: விலை

ரிமோட் இல்லையா, ஸ்பீக்கர்களின் தூரத்தையும் சத்தத்தையும் தானே அளக்க உதவும் செட்டப் மைக் இல்லையா, குறைத்துக் கேளுங்கள். ரிமோட்டுக்கு மாற்று கிடைத்துவிடும். மைக் அந்தந்த மாடலுக்கு ஏற்ப வருவது, வேறு கம்பெனி மைக் தப்பாக அளக்கும். அது இல்லாவிட்டாலும் டேப்பால் தூரத்தை அளந்து மெனுவில் கையாலேயே போட்டுவிடலாம். நான் இப்போது ஓட்டுவது அப்படித்தான், 9,000 ரூபாய்க்கு முடித்தேன்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

மேலே நாலு விரல்கடையாவது காலி இடம் விடுங்கள், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்காதீர்கள். எத்தனை ஓம் ஸ்பீக்கரை மாட்டலாம் என்று ரிசீவரின் பின்பக்கம் எழுதியிருக்கும், பெரும்பாலும் 6 முதல் 8. ஒயரைச் சீவியதும் நுனி இழைகளை நன்றாக முறுக்கிவிட்டுச் சொருகுங்கள். ஒரே ஒரு இழை தப்பி பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ரிலே விழாது. போன வாரம் நண்பர் ஒருவர் "ஆம்ப் போச்சுடா" என்று இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். போய் டார்ச் அடித்துப் பார்த்தால் சென்டர் ஸ்பீக்கர் ஒயரில் முடி மாதிரி ஒரு செம்பு இழை. அதை எடுத்ததும் 'டிக்'.