குடும்பத்தோடு வயல்வெளி நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை புளியரைக்குப் போகும் வழியில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். மூன்று இளவட்டங்கள் குளக்கரை ஆலமரத்தடியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுதூரம் பின்னால் ஒரு அம்மா, சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தார். அவர் மரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் மூவரும் எழுந்து நடையைக் கட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

தென்காசிப் பக்கம் செங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் உறவுக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு எல்லாப் பருவத்திலும் நடக்கிறோம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவமும்தான் எங்கள் நடைக்கும் கணக்கு. தண்ணீர் பாட்டில், தொப்பி, நல்ல செருப்பு பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

முன்னே போய்க் காத்திருப்பது

இதைத் தவறு என்றே யாரும் நினைப்பதில்லை. "நாங்கதான் நின்னு காத்திருந்தோமே" என்பார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னே போகிறவர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிறார், பின்னே வருகிறவர் 3 கிலோமீட்டர். 2 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மரத்தடி. முதல் ஆள் 24 நிமிஷத்தில் போய்விடுவார், கடைசி ஆளுக்கு 40 நிமிஷம் ஆகும். இளையவருக்கு 16 நிமிஷம் ஓய்வு கிடைத்தது. பெரியவர் வந்த உடனே கிளம்பினால் அவருக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. அடுத்த மரத்தடியிலும் இதே கதைதான். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது.

எங்கள் அத்தைக்கு அப்போது 58 வயது. மார்கழி மாதம், பிசானப் பயிர் பச்சைப் பசேலென்று நின்ற நேரம். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. அவ்வளவு அழகான காலையில் யாருக்குத்தான் மெதுவாக நடக்கத் தோன்றும்? நானும் அத்தான் பிள்ளைகளும் முன்னே போய்விட்டோம். இரண்டு இடத்தில் நின்றோம், அத்தை வந்ததும் கிளம்பினோம். இரண்டாவது தடவை அத்தை, "நீங்க போங்கய்யா, நான் மெதுவா வாரேன்" என்றார். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். அந்த வார்த்தைக்கு "எனக்கு முடியவில்லை" என்று அர்த்தம் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூன்றாவது மரத்தடிக்கு அவர் வந்து சேரவில்லை. திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தால், புதிதாகச் சேறு பூசிய வரப்பில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு இருந்ததால் அந்த வருஷம் பொங்கல் பானையை அவரால் இறக்க முடியவில்லை. "வழுக்கிருச்சு, அவ்வளவுதான்" என்று இன்றைக்கும் சொல்கிறார். வழுக்கினது சேற்றில்தான், ஆனால் ஓய்வில்லாத கால் அது. அதற்குக் காரணம் நாங்கள்.

அப்புறம்தான் நடையின் முறையை மாற்றினோம். வழி தெரிந்தவர் முதலில் போவார். அவருக்கு அடுத்தபடியாக, கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவர். அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். திடகாத்திரமான ஒருவர் பையைச் சுமந்துகொண்டு கடைசியில் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் கிடையாது. நிற்கும் இடத்தில் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் பத்து நிமிஷம் எண்ணத் தொடங்குவோம். "போகலாமா?" என்று கேட்க வேண்டியது அந்த இரண்டாவது ஆள்தான். இளவட்டங்களுக்குக் கால் பரபரக்கும். அவர்களுக்கென்று ஒரு நாள் தனியாக நடந்துகொள்ளட்டும்.

தலைக்கு மேல் வெயிலை நம்புவது

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும். நடப்பதற்கு அதைவிடச் சுகமான காலம் கிடையாது. ஆனால் ஊரில் வெயில் அடிக்கும்போதே மேற்கே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். குற்றாலத்தில் திடீரென்று தண்ணீர் கூடி, அருவியில் குளிக்கத் தடை போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாம் காலையில் கணுக்கால் அளவில் தாண்டிய ஓடையும் அதே மலையிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் கலங்கி நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பிள்ளைகளைக் கரையேற்றிவிடுங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டைப் பிரிப்பதாக இருந்தால், திரும்பி வருவதற்குப் பாலம் உள்ள வழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். "வரும்போது தண்ணியே இல்லையே" என்று கரையில் நின்று சொல்வதால் தண்ணீர் வடிந்துவிடாது.

காலண்டரைப் பார்த்துக் கிளம்புவது

காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரம் எங்கள் ஊருக்குச் சரிப்படாது. மேற்கே மலை நிற்பதால் சூரியன் முன்னதாகவே மறைந்துவிடும், அப்புறம் வெளிச்சம் மளமளவென்று குறையும். மாசி, பங்குனியில் பிசான அறுப்பு சமயம் எலி இருக்கும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். பொழுது சாயும் முன்பே தார் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். கையில் டார்ச்சும் கம்பும் இருக்கட்டும். கடித்துவிட்டால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட காலை அசையவிடாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பனைமரத்தடியில் ஒதுங்குவது

சித்திரையில் நுங்குக்கு நிற்கலாம். இடி இடித்தால் நிற்கக் கூடாது.

தோப்பைத் தாண்டி மலையடிவாரம் போவது

வேண்டாம். வடகரை, மேக்கரைப் பக்கம் தோப்புக்குள்ளேயே யானை வருகிறது.

யாரையும் கேட்காமல் வரப்பில் இறங்குவது

வரப்பு பொது வழி இல்லை. "அண்ணாச்சி, இப்படிப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. எந்த வயலில் நேற்று மருந்து அடித்திருக்கிறது, எந்த வாய்க்காலில் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது, எந்த வரப்புக்குப் புதுசாகச் சேறு பூசியிருக்கிறது என்பதெல்லாம் கேட்காமலே சொல்வார்கள். அத்தை விழுந்த அன்றைக்கு அந்த வயல்காரர் நூறு அடி தள்ளி மடை பக்கம் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கையைக்கூட ஆட்டினார். நாங்களும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டோம்.